செவ்வாய்க்கிழமை வரை நீண்ட ஷபாத்

இஸ்ரேலின் ஏரிக்கரை ஊரான திபேரியாவின் மேல் குடியிருப்பில் யார் வீட்டு ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தாலும் பெக்கோர் குவேத்தாவைத்தான் கூப்பிடுவார்கள். வந்தவர் மணி அடிக்க வேண்டிய அவசியமே இருக்காது. இரண்டாம் மாடியைத் தாண்டும்போதே அவருடைய இருமல் முன்னால் ஓடி வந்து கதவைத் தட்டிவிடும். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து, ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டிவிட்டு, அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருப்பாள். அதற்குப் பிறகுதான் ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேச்சு.

காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே, யூதர்களாகிய நாங்கள் எல்லோரும் கடவுளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்வோம். இரவு உன்னிடம் ஒப்படைத்த உயிரை இரக்கத்தோடு திருப்பித் தந்தாயே, நன்றி என்று. சின்னக் குழந்தைகூட ஒரே மூச்சில் சொல்லிவிடும். பெக்கோர் "நன்றி" என்று தொடங்குவார், உயிர் என்ற சொல் வருவதற்குள் இருமல் வந்து வழிமறித்துக்கொள்ளும். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, கடைசியில் மீதி வாக்கியத்தை விட்டுவிட்டு பால்கனிக்குப் போய் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பார்.

"ஆண்டவனுக்கே பாதி நன்றிதான் சொல்ற. எனக்கு எங்க முழுசா சொல்லப் போற" என்பாள் அவர் மனைவி ஜூலியா.

ஜூலியாவுக்குப் பேச உரிமை உண்டு. அவள் கட்டிக்கொண்டது இந்த இருமலை அல்ல. இருவர் வீட்டிலும் பெரியவர்கள் லிபியாவின் திரிப்போலியிலிருந்து கப்பலில் வந்தவர்கள், தகரக் கொட்டகைகளில் குடியேறியவர்கள். பெக்கோர் அந்தக் கொட்டகையில் பிறந்த முதல் பிள்ளை. அந்தப் பெயருக்கே மூத்தவன் என்றுதான் பொருள். பதினெட்டு வயதில் அவருக்கு அப்படி ஒரு குரல் இருந்தது. பாவமன்னிப்பு நாளின் முடிவில், பட்டினியும் களைப்புமாக ஊரே சோர்ந்து நிற்கும் நேரத்தில், அவர் வாயைத் திறந்தால் ஜெபக்கூடத்தின் மாடியில் பெண்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். ஜூலியா கைக்குட்டையைத் தேடவில்லை, கீழே எட்டிப் பார்த்தாள். "குரலைத்தான் கட்டிக்கிட்டேன். அது எங்கயோ போயிருச்சு, ஆளு மட்டும் தங்கிட்டாரு" என்று இன்றைக்கும் சொல்வாள். பட்டாளத்தில் காவல் நின்றபோது தூக்கம் கலைக்கப் பிடித்துக்கொண்ட பழக்கம் இந்த சிகரெட். காவல் முடிந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பழக்கத்துக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை.

விட முயன்றதில்லையா என்றால், ஒவ்வொரு வருடமும்தான். புது வருடம் பிறந்ததும் சொல்வார்: "இந்த வருஷம் விட்டுடறேன், பிலி நெதெர்." பிலி நெதெர் என்றால், இது சபதம் இல்லை என்று அர்த்தம். வாக்குக் கொடுத்துத் தவறுவது எங்களிடம் பெரிய பாவம். அதனால் நாளைக்கு வந்து கடனைத் திருப்பித் தருகிறேன் என்பதிலிருந்து மாவு வாங்கி வருகிறேன் என்பதுவரை எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த வாலை ஒட்டிக்கொள்வோம். பயந்தவனுக்கு அது ஒரு வேலி, பெக்கோருக்கோ பின்வாசல். அவர் ஏசியைச் சரிசெய்யக்கூட பிலி நெதெர் சொல்லித்தான் தேதி கொடுப்பார்.

ஆனால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்து ஜூலியா விளக்கேற்றிவிட்டால், சனிக்கிழமை நட்சத்திரம் தெரியும்வரை பெக்கோர் சிகரெட்டைத் தொடமாட்டார். ஓய்வு நாளான ஷபாத்தில் நெருப்பு மூட்டக்கூடாது, அவ்வளவுதான். விசித்திரம் என்னவென்றால், அன்றைக்கு அந்த ஆசையே அவருக்கு வராது. கோபம் வராது. ஜூலியாவின் காரமான மீன் குழம்பை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்குவார். உள்ளே குடியிருக்கும் அந்தப் பிசாசுக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை போலிருக்கிறது என்று நாங்கள் கேலி செய்வோம்.

விடுமுறை முடிகிற நேரமும் அந்தப் பிசாசுக்கு நன்றாகத் தெரியும். ஷபாத்தை வழியனுப்ப ஹவ்தாலா சொல்வோம். பிரித்து வைப்பது என்று அதற்குப் பொருள், புனித நாளையும் வேலை நாளையும். கிண்ணம் வழிய வழியத் திராட்சை ரசம், முகர்ந்து பார்க்கக் கிராம்பு, பின்னல் போட்ட மெழுகுவர்த்தி. பெக்கோர் ரசத்தைக் குடித்து முடித்ததும், மெழுகுவர்த்தியை அணைப்பதற்கு முன், குனிந்து அந்தச் சுடரிலேயே சிகரெட்டைப் பற்றவைத்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். "ஷபாத் வானதூதருங்க இன்னும் மாடிப்படியே இறங்கல, அதுக்குள்ள மூஞ்சில புகையை விடறியே" என்பாள் ஜூலியா.

இவர்களுடைய ஒரே மகள் ஓர்லி. அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லை. பிறகு பிறந்தான் ஒரு பையன், பிறக்க வேண்டிய காலத்துக்கு ரொம்ப முன்னாலேயே. இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடுவான். நுரையீரல் முழுதாகத் தேறவில்லை என்று மலைமேல் இருக்கும் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். எட்டாம் நாள் செய்ய வேண்டிய, சுன்னத் போன்ற விருத்தசேதனச் சடங்கை, குழந்தை தேறும்வரை தள்ளி வைத்தார்கள். அந்தச் சடங்கில் குழந்தையை மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்வது பெரிய கௌரவம். அது பெக்கோருக்கு என்று ஓர்லி கர்ப்பமாவதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

முதல் வாரத்திலேயே மருத்துவர் சொல்லிவிட்டார். புகை பிடிப்பவர் யாரும் குழந்தையைத் தூக்கக்கூடாது. பக்கத்தில் பிடிக்காவிட்டாலும் சரி, சட்டையில், தாடியில், விரலில் ஒட்டியிருப்பதே இந்த நுரையீரலுக்குப் போதும்.

ஓர்லி அதை அப்பாவிடம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வைத்துச் சொன்னாள். "நான் உங்களை விடுங்கன்னு கெஞ்சப் போறதில்லப்பா. சின்ன வயசுலேருந்து கெஞ்சியாச்சு. ஆனா அந்த நாத்தத்தோட நீங்க அவன்கிட்ட வரமுடியாது. மடியில வச்சுக்கறதுக்கு இவரோட அப்பாவைக் கேட்டிருக்கேன்."

இவரோட அப்பா என்றால் சம்பந்தி, ருமேனியாக்காரர், பல் மருத்துவர். வாழ்நாளில் ஒரு சிகரெட் பிடித்ததில்லை. சர்க்கரைகூட எண்ணித்தான் போட்டுக்கொள்வார். பெக்கோருக்கு அவர்மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. ஆனால் மடியில் தன் பேரனோடு அந்த மனிதர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது வயிறு எரிந்தது. "விட்டுடறேன்மா" என்றார்.

"பிலி நெதெர் தானே?" என்றாள் மகள்.

பெக்கோர் கீழே இறங்கிப்போய் வண்டியில் உட்கார்ந்து அடுத்தடுத்து இரண்டு பிடித்தார். வெட்கக்கேடு என்று அவருக்கே தெரிந்தது.

அந்த வாரம் ஷபாத் முடிகிற நேரம். நட்சத்திரங்கள் தெரிந்துவிட்டன. மாலை ஜெபத்துக்குப் போகச் செருப்பில் கால் நுழைத்துக்கொண்டிருந்தார் பெக்கோர். மாப்பிள்ளை படி ஏறி ஓடிவந்தான். குழந்தைக்கு மூச்சு திணறுகிறது, மறுபடியும் குழாய் மாட்டியிருக்கிறார்கள், ஓர்லி தனியாக இருக்கிறாள். ஜூலியா ஸ்கார்ஃபை இழுத்துக் கட்டிக்கொண்டு, வாசலிலேயே "புனிதத்தையும் வேலை நாளையும் பிரிப்பவருக்கே புகழ்" என்று முணுமுணுத்து, "நீயும் சொல்லுய்யா, லைட்டைப் போடணும்" என்றாள். அவரும் அந்த ஒரு வரியைச் சொன்னார். மூவரும் இறங்கி ஓடினார்கள்.

மருத்துவமனை வாசலில் ஜூலியாவையும் மாப்பிள்ளையையும் உள்ளே அனுப்பிவிட்டு, வண்டியை நிறுத்தப் போனார் பெக்கோர். நிறுத்தியதும் கை தானாகப் பெட்டியைத் தேடி எடுத்தது. ஒன்றை வாயில் வைத்தார். லைட்டரைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் அழுத்தப்போன நேரத்தில்தான் உறைத்தது: இன்றைக்குக் கிண்ணம் இல்லை, கிராம்பு இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. ஹவ்தாலாவே சொல்லவில்லையே. பிரிக்கவில்லை என்றால் இன்னும் ஷபாத்தான்.

ஷபாத் முழுக்கக் குழந்தை நன்றாக மூச்சு விட்டான். அது முடிந்ததும்தான் திணறினான். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டது எந்த வேதத்திலும் கிடையாது. ஆனால் பயந்துபோன ஒரு தாத்தா அந்த இருட்டில் முடிச்சுப் போட்டுவிட்டார். "நான் பிரிக்கமாட்டேன்" என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு. "அவன் தானா மூச்சு விடட்டும், அதுக்கப்புறம் பிரிச்சுக்கலாம். அதுவரைக்கும் எனக்கு ஷபாத்." பின்னால் பிலி நெதெர் சேர்க்க மறந்துவிட்டார்.

மேலே போனால், கிண்ணமும் கிராம்புப் பொட்டலமுமாக வார்டு வார்டாகப் போய் நோயாளிகளுக்கு ஹவ்தாலா சொல்லும் தாடிக்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஜூலியா எழுந்து நின்று கேட்டாள். பெக்கோர் கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். "ஐயா, உள்ள இருக்கிறவருக்குச் சொல்லிட்டுப் போகவா?" என்று அந்த நல்ல மனிதர் கதவைத் தட்ட, "எனக்கு வேண்டாம், வயிறு சரியில்ல" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஞாயிறு காலை வரை சமாளித்துவிட்டார். மத்தியானம் ஆனதும் உடம்பு கணக்குக் கேட்க ஆரம்பித்தது. ஷபாத்தில் இந்த ஆசை வராதே, இது ஷபாத், ஆகவே இப்போது வரக்கூடாது என்று அதற்கு நியாயம் சொல்லிப் பார்த்தார். உடம்பு கேட்கவில்லை. திங்கட்கிழமை காப்பி மெஷினோடு சண்டை போட்டு அதை ஓர் உதை உதைத்தார். எதிரில் உட்கார்ந்திருந்த சம்பந்தி செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "கீழ போய் ஒண்ணு பிடிச்சிட்டு வாங்களேன் சம்பந்தி, நான் பார்த்துக்கறேன்" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். பெக்கோருக்கு அவரைக் கடித்துவிடலாம் போலிருந்தது.

"எனக்கு ஷபாத்" என்றார்.

சம்பந்தி செய்தித்தாளில் தேதியைப் பார்த்தார். பாவம், துக்கத்தில் மனிதருக்குக் கிழமை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

செவ்வாய் மத்தியானம் ஓர்லி வெளியே வந்தாள். முகமெல்லாம் ஈரம். "குழாயை எடுத்துட்டாங்க. தானா மூச்சு விடறான்பா."

பெக்கோர் சுவரில் நெற்றியை வைத்து அழுதார். கண்ணாடி வழியே பார்த்தார். ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு இருந்த அந்த நெஞ்சு மேலே எழுந்தது, இறங்கியது, மறுபடியும் எழுந்தது. யாரும் அதற்கு உதவி செய்யவில்லை. இப்படி ஒரு வேலையைத்தான் நாற்பது வருடமாகத் தான் கெடுத்துக்கொண்டிருந்தோமா என்று தோன்றியது. பிறகு சட்டென்று சாவியைத் தேடினார்.

"இப்ப எங்க கிளம்பிட்ட?" என்றாள் ஜூலியா.

"ஹவ்தாலா சொல்ல."

"செவ்வாய்க்கிழமையா?" என்றவள், ஏதோ பொறிதட்டியதுபோல் அருகில் வந்து அவர் சட்டையைப் பிடித்து முகர்ந்தாள். வியர்வை இருந்தது, மருத்துவமனை சோப்பு இருந்தது. வேறொன்றும் இல்லை. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜூலியா பேசாமலிருந்ததை அன்றுதான் நான் கேள்விப்பட்டேன்.

ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷூஷான், பெக்கோரோடு அதே தகரக் கொட்டகையில் கோலி விளையாடியவர். சாயங்கால ஜெபத்துக்கு விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"டேய் ஷூஷான், ஹவ்தாலா எது வரைக்கும் சொல்லலாம்?"

"செவ்வாய் சூரியன் மறையற வரைக்கும். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. ஏன்டா, யாருக்கு?"

பெக்கோர் எல்லாவற்றையும் சொன்னார். கார் நிறுத்துமிடம், கழிப்பறை, காப்பி மெஷின் எல்லாம். ஷூஷான் கேட்டுக்கொண்டே வந்தவர், "இரு, இரு. வாசல்ல ஜூலியா சொன்ன வரியை நீயும் சொன்னியா?" என்றார்.

"சொன்னேன்."

"மூணு நாளா சாப்பிட்டியா?"

"பசிக்காதா? ரொட்டி, காப்பி, ஜூலியா உருளைக்கிழங்குல கறி அடைச்ச மஃப்ரூம் கொண்டாந்தா, அது."

ஷூஷான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி, தலைகீழாப் பண்ணிருக்கியேடா. அந்த ஒரு வரி சொன்னாலே போதும், நெருப்பு மூட்டலாம், வண்டி ஓட்டலாம், தாராளமா சிகரெட் பிடிக்கலாம். ஹவ்தாலா சொல்லாம செய்யக்கூடாததே சாப்பிடறதுதான். செய்யலாம்னு இருந்ததைச் செய்யாம இருந்து, செய்யக்கூடாததை மூக்குப்பிடிக்கச் செஞ்சிருக்க. உன்னை மாதிரி ஒரு பக்திமானை ஜெருசலேம்ல தேடினாலும் கிடைக்காது."

பெக்கோருக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப சனிக்கிழமையே நான் பிடிச்சிருக்கலாமா?"

"கார்லயே பிடிச்சிருக்கலாம்."

"அப்ப என்னை யாருடா தடுத்தது?"

ஷூஷான் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "பூட்டே இல்லாத கதவுடா அது. நீயேதான் சாத்தி வச்சிருக்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கெட்ட ஆசை பொறக்கும்போதே கூடப் பொறந்துடுதாம், நல்ல ஆசை பதிமூணு வயசுலதான் உள்ள வருதாம். அதனால வீட்டுல எப்பவும் மூத்தவன் பேச்சுதான் எடுபடுது. உனக்குத் தெரியாததா, உன் பேரே அதுதானே. ஆனா மூணு நாளா மூத்தவனைச் சின்னவன் ஏமாத்திருக்கான். ஏமாத்தினாலும் ஜெயிச்சது ஜெயிச்சதுதான். சரி, எந்திரி. சூரியன் போயிடும். சாப்பிட்ட பாவத்துக்கு இப்பவாவது சொல்லு."

கிண்ணம் வந்தது, ரசம் வந்தது. பெக்கோர் கையில் வாங்கிக்கொண்டு காத்திருந்தார். "மெழுகுவர்த்தி எங்க?"

"மெழுகுவர்த்தியும் கிராம்பும் சனிக்கிழமை ராத்திரிக்கு மட்டும்தான். செவ்வாய்க்கிழமை ரசம் மட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து, சுடர் இல்லாமல் பெக்கோர் சொன்ன முதல் ஹவ்தாலா அது. வெளிச்சத்தையும் இருளையும் பிரித்தவர், ஏழாம் நாளையும் வேலை நாட்களையும் பிரித்தவர் என்று சொல்லி, ரசத்தைக் குடித்தார். குனிவதற்கு அங்கே நெருப்பு எதுவும் இல்லை. பெட்டி சட்டைப் பையில்தான் இருந்தது, லைட்டரும் இருந்தது, தடை ஒன்றும் இல்லை என்று இப்போது நன்றாகத் தெரிந்தும் இருந்தது. வெளியே வந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அன்று அந்தப் படியில் அவர் பட்ட பாட்டை ஷூஷான் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். இரண்டு முறை கை பைக்குப் போய்த் திரும்பி வந்ததாம். ஜெபத்துக்கு வேண்டிய பத்து ஆண்களில் ஆள் குறைகிறது என்று பொய் சொல்லி ஷூஷான் உள்ளே கூப்பிட்டார். ஆள் போதுமான அளவுக்கு இருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமைதான் உண்மையான கண்டம். மேஜையில் மெழுகுவர்த்தி எரிந்தது. ரசம் குடித்தாயிற்று. சுடர் முகத்துக்கு நேராக ஆடியது. பெக்கோரின் கை சட்டைப் பைக்குள் போயிற்று, பெட்டியைத் திறந்தது. உள்ளே சிகரெட் ஒன்றுகூட இல்லை. பெட்டி நிறையக் கிராம்பு.

ஜூலியா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருடி" என்றார் பெக்கோர்.

"கடை தெருமுனையிலதான் இருக்கு. போய் வாங்கிக்கோ, யாரு தடுத்தா."

அவர் இரண்டு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். மெழுகுவர்த்தியைத் தட்டில் வழிந்திருந்த ரசத்தில் முக்கினார். அது சுர்ரென்று அணைந்தது. ஜூலியா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, "பல்லு உடைஞ்சா நம்ம சம்பந்திகிட்டத்தான் போகணும், மெல்லக் கடி" என்றாள்.

அதன்பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கப் போன வீடுகளில் எரிந்து விழுந்தார். வாயில் எப்போதும் கிராம்பு. ஆனால் பற்றவைக்கவில்லை. விட்டுவிட்டீர்களா என்று யாராவது கேட்டால், "விட்டேன்னு யாரு சொன்னது? இன்னிக்கு இன்னும் பத்தவைக்கல, அவ்வளவுதான்" என்பார்.

குழந்தை வீட்டுக்கு வந்து, எடை கூடி, மருத்துவர் ஒருவழியாகச் சரி என்றார். விருத்தசேதனம் ஒரு வியாழக்கிழமை காலையில், ஷூஷானின் ஜெபக்கூடத்தில். அன்று விடியலிலேயே பெக்கோர் குளித்தார். சந்தேகப்பட்டு மறுபடியும் குளித்தார். புதுச் சட்டை, ஜூலியா கடையிலிருந்து வாங்கி வந்து, பீரோவிலேயே வைக்காமல் தனியாகத் தொங்கவிட்டிருந்த சட்டை. ஜெபக்கூடத்தில், குழந்தையை மடியில் ஏந்துபவருக்கான உயரமான நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் சம்பந்தி டை கட்டிக்கொண்டு தயாராக நின்றார். அவரிடம் யாரும் இன்னும் வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. பெக்கோர் கதவோரமாகவே நின்றுகொண்டார். கேட்பதற்கு வாய் வரவில்லை.

ஓர்லி தலையணையில் குழந்தையை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்காலியைத் தாண்டி நேராக அப்பாவிடம் வந்தாள். குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் காலரை முகர்ந்தாள். தாடியை முகர்ந்தாள். வலது கையை எடுத்து, ஹவ்தாலா நேரத்தில் கிராம்பை முகர்வோமே, அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு, மஞ்சள் ஏறிப்போன அந்த இரண்டு விரல்களையும் முகர்ந்தாள்.

"கிராம்பு வாசனைதான் வருது" என்றாள். "போய் உக்காருங்கப்பா. முட்டியைச் சேர்த்து வச்சுக்கங்க."

சம்பந்தி டையைத் தளர்த்திக்கொண்டார். எனக்குத் தெரிந்து அந்தக் கூட்டத்தில் முதலில் கைதட்டியது அவர்தான்.

பெக்கோர் உட்கார்ந்தார். மடியில் தலையணை வந்தது, அதன்மேல் பேரன் வந்தான். சடங்கு முடிந்ததும் பையன் கத்தினான் பாருங்கள், ஏரிக்கு அக்கரையில் கேட்டிருக்கும். எவ்வளவு மூச்சு இருந்தால் அப்படிக் கத்த முடியும். எல்லோரும் குழந்தைக்காக ஆசி சொல்லிக்கொண்டிருக்க, பெக்கோர் குனிந்து, காலையில் படுக்கையில் சொல்ல வேண்டிய அந்த ஒற்றை வாக்கியத்தைப் பேரனின் காதில் சொன்னார். உயிரைத் திருப்பித் தந்தாயே, நன்றி என்று. தொடங்கினார், நடுவில் எங்கும் நிற்காமல் கடைசிச் சொல் வரைக்கும் சொல்லி முடித்தார்.